மயில்சாமியின் முதல் பீஸ்

கோவையில் கணபதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மயில்சாமியின் லேத்துப் பட்டறை. மூன்று லேத்து, ஆறு ஆட்கள். செய்வது ஒரே பொருள். தண்ணீர் பம்புக்குள் பேரிங் உட்காருகிற இரும்புக் கூடு. ஃபவுண்டரியிலிருந்து வார்ப்பாக வரும். நடுத்துளையைக் கடைந்து, அளவுக்குக் கொண்டுவந்து, பெரிய பம்ப் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

மயில்சாமிக்கு ஐம்பத்தாறு வயது. அவருக்குக் கற்றுக்கொடுக்க வந்த ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு. சீடருக்கு நரைத்திருந்தது, குருவுக்கு நரைக்கவில்லை. சந்தில் இருப்பவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜெசிந்தாவை அனுப்பியது அரசாங்கம். பத்துச் சின்னப் பட்டறைகள் கூட்டாகச் சேர்ந்தால் வீணாவதைக் குறைக்கக் கற்றுக்கொடுக்க ஓர் ஆளை அனுப்புவார்கள். செலவில் பெரும்பங்கு அரசாங்கத்துடையது. வெளிமாநிலத்திலிருந்து வாங்குகிற கம்பெனியை உள்ளூரில் வாங்க வைக்க வேண்டும், அதற்காக. கம்பெனியும் தலையாட்டியது. ஆனால் ஒரு கணக்குச் சொன்னது. மாதம் ஐந்நூறு பீஸ். சொன்ன தேதியில். ஒன்று குறையக் கூடாது. மூன்று மாதம் பார்ப்போம், ஒரு மாதமாவது செய்துகாட்டினால் வருஷ ஆர்டர். இல்லாவிட்டால் பழைய ஆளிடமே போய்விடுவோம்.

போய்விட்டால் மூன்று லேத்தில் இரண்டு நிற்கும். ஆறு பேரில் நாலு பேர் வேறு வேலை தேட வேண்டும். மயில்சாமி இதை யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஃபவுண்டரி மாதம் ஐந்நூற்றுப் பத்து வார்ப்புதான் தரும். அதுவும் அந்தப் பத்துப் பட்டறைகளில் ஒன்றாகச் சேர்ந்த சின்ன இடம்தான், அதற்குமேல் அதால் முடியாது. ஆக, பத்து கெடலாம். பதினொன்று கெடக் கூடாது.

முதல் மாதம் முப்பத்திரண்டு கெட்டது.

ஜெசிந்தா வந்த அன்று மயில்சாமி வாசலிலேயே மடக்கினார்.

“வாங்க டீச்சர். எங்க வீணாகுதுன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

டீச்சர் என்றது கிண்டல். ஜெசிந்தா அதைக் கண்டுகொள்ளவில்லை.

“நேத்துக் கெட்ட பீஸைக் காட்டுங்கண்ணா.”

“அது போயிருச்சுங்களே.”

“எங்க?”

“பழைய இரும்புக் கடைக்கு. நம்ம பட்டறையில கெட்ட பீஸ் ராத்தங்காதுங்க.” பெருமையாகத்தான் சொன்னார்.

அது அவருடைய மாமனார் போட்ட சட்டம். பட்டறையை மருமகனிடம் கொடுத்தபோது கூடவே கொடுத்தது. கெட்டதைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்தால் கை கெட்டுப்போகும். அதனால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பழைய இரும்புக்காரர் சிக்கந்தரின் குட்டியானை வண்டி சந்து முனையில் ஹாரன் அடிக்கும். அன்றைக்குக் கெட்டது ஒன்றோ இரண்டோ அதில் ஏறிவிடும். வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார்கள். இருபது வருஷமாக இப்படித்தான்.

“எந்த இடத்துல கெட்டது?” என்றார் ஜெசிந்தா.

“போனதைப் பத்திப் பேசி என்னுங்க ஆகப்போகுது?”

ஜெசிந்தா சுற்றிப் பார்த்தார். வாசலை ஒட்டி ஒரு மூலை காலியாக இருந்தது.

“அந்த மூலையில செவப்புப் பெயின்ட்ல ஒரு கட்டம் போடுங்க. கெட்டது எல்லாம் அதுக்குள்ள கெடக்கட்டும். ஒரு மாசம்.”

“வாசல்லீங்களா? வர்ற போற ஆளுக என்ன நெனைப்பாங்க?”

“கட்டம் போடுங்கண்ணா.”

போட்டார். அழகாகத்தான் போட்டார். மறுநாள் அதில் தன்னுடைய மொபெட்டை நிறுத்தினார். சரியாகப் பொருந்தியது.

மற்றதில் குறை சொல்ல முடியாது. டீச்சர் சொன்னதை எல்லாம் மயில்சாமி செய்தார். நடைபாதைக்கு மஞ்சள் கோடு. ஸ்பேனருக்குப் பலகை, பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவம். வார்ப்புக் குவியலைப் பின்கட்டிலிருந்து லேத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். லேத்துக்கார ரங்கன் ஒரு நாளைக்கு எத்தனை நடை மிச்சம் என்று எண்ணிச் சொன்னபோது குழந்தை மாதிரி சிரித்தார். துடைப்பத்துக்குக்கூட ஓர் இடம் வரைந்தார். கிண்டலுக்குச் சொன்ன டீச்சர் எப்போது நிஜ டீச்சர் ஆனது என்று அவருக்கே தெரியாது.

இரண்டாம் மாதத் தொடக்கத்தில் ஜெசிந்தா இன்னொன்று சொன்னார். கடைகிற ஆள் தன் பீஸில் கூர்முனை உளியால் புள்ளி குத்த வேண்டும். யாருக்கு எத்தனை புள்ளி என்று முடிவு செய்துகொள்ளலாம்.

மயில்சாமிக்கு எல்லாவற்றையும்விட இது பிடித்தது. “அப்படிப் போடுங்க! எவன் கெடுக்கறான்னு தெரிஞ்சுரட்டும்.”

பழனிக்கு இரண்டு புள்ளி. ரங்கனுக்கு மூன்று. மாரிமுத்துவுக்கு நான்கு. முதலாளிக்கு ஒன்று.

முதலாளியும் கடைவார். தினமும் காலையில் ஒவ்வொரு லேத்திலும் முதல் பீஸ் அவருடையதுதான். கைராசி. பீஸைக் கடித்துப் பிடிக்கிற சக்கில் வார்ப்பை மாட்டி, அதை இறுக்குகிற சாவியின்மேல் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, தொங்காத குறையாக இறுக்குவார். துளையைக் கடைவார். லேத்தில் இருக்கும்போதே கேஜை விட்டுப் பார்ப்பார். அளவு பார்க்கிற உருளை அது. துளைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகும். “ம்” என்று சொல்லி, தன் புள்ளியைக் குத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போய்விடுவார். பீஸைக் கழற்றி எடுப்பது மற்றவர்கள் வேலை.

இரண்டாம் மாதம் முப்பத்தொன்பது கெட்டது.

“எவன்டா அது?” என்று பட்டறை நடுவில் நின்று கத்தினார். “புள்ளி குத்தறீங்கல்ல? யாரு புள்ளி அதிகம்? பாக்கியம், நீ சொல்லு!”

பாக்கியம்தான் கடைசியில் எல்லா பீஸையும் கேஜ் போட்டுப் பார்ப்பவள். பன்னிரண்டு வருஷமாக இருக்கிறாள். தலை நிமிராமல் சொன்னாள்: “வண்டி போயிருச்சுங்க மொதலாளி.”

மூன்றாம் மாதம். இருநூறு கடைந்தாயிற்று. ஒன்பது கெட்டாயிற்று. இன்னும் முந்நூற்றுப் பத்து வார்ப்பு பாக்கி. அதில் ஒன்றே ஒன்று கெடலாம்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

பட்டறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். லேத்து, டிரில்லிங் மிஷின், ஸ்பேனர், தராசு, துடைப்பம், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். வாசலில் வாழைக்கன்று. செவப்புக் கட்டத்தில் மொபெட், செவ்வந்தி மாலையோடு. ஜெசிந்தாவை அனுப்பிய அரசாங்கத் தொழில் மையத்திலிருந்து அதிகாரி வரதராஜுலு கேமராவும் கையுமாக வந்திருந்தார். உதவிக்கு முன், உதவிக்குப் பின் என்று அவருடைய படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தன. ‘பின்’ படத்துக்கு இன்றைக்கு மாதிரி நாள் வாய்க்காது.

“சினிமா செட்டு மாதிரி இருக்குங்க மயில்சாமி!”

“எல்லாம் டீச்சர் புண்ணியமுங்க.”

ஜெசிந்தா உள்ளே வந்தார். எல்லோரையும் கும்பிட்டார். பிறகு வழக்கமான கேள்வி.

“நேத்துக் கெட்டது எங்கண்ணா?”

மயில்சாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நல்ல நாளும் அதுவுமா வேற பேச்சே இல்லீங்களா? பட்டறையையே பொரட்டிப் போட்டு வெச்சிருக்கனே, அது உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?”

“தெரியுது. மொபெட்டை எடுங்க.”

“எதுக்கு?”

“போலாம்.”

மாலை போட்ட மொபெட்டில் இருவரும் போனார்கள். வழியில் நாலு பேர் பார்த்தார்கள். மயில்சாமி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சிக்கந்தர் கடையில் வார்ப்பிரும்பு தனிக் குவியல். ஒரு லாரி நிறைந்தால்தான் அனுப்புவார். இந்த வருஷம் மழையால் இரண்டு மாதச் சரக்கு அப்படியே கிடந்தது. ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னதும் அவர் மயில்சாமியைப் பார்த்தார்.

“இருவது வருசமா நீங்க கொட்டறீங்க, நான் அள்ளறேன். திரும்பிப் பொறுக்க வந்தது இன்னைக்குத்தானுங்க. பொறுக்குங்க. டீ சொல்லட்டுமா?”

ஜெசிந்தா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியல் அடியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண் உட்கார்ந்த பிறகு அவர் எப்படி நிற்பது? மயில்சாமியும் உட்கார்ந்தார். புது வேட்டி.

முதலில் கையில் அகப்பட்டதைத் திருப்பினார். துரு ஏறியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். ஒரு புள்ளி.

சாக்கில் போட்டார்.

அடுத்தது. ஒரு புள்ளி.

மூன்றாவதில் இரண்டு புள்ளி. “பாத்தீங்களா! பழனி! நான் அப்பவே நெனைச்சேன், அவனுக்கு எப்பவும் போன்லதான் புத்தி.”

ஜெசிந்தா நிமிரவில்லை.

நான்காவது, ஒரு புள்ளி. ஐந்தாவது, ஒரு புள்ளி. ஆறாவது, ஒரு புள்ளி. சிக்கந்தர் கொண்டுவந்த டீ ஆடை கட்டி ஆறிப்போனது. வெயில் ஏறியது. தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் கறுத்துவிட்டது.

புள்ளி குத்தியதாக நாற்பத்து மூன்று கிடைத்தன. சிக்கந்தரே குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். கெட்ட பீஸ் அந்தப் பட்டறைக்குள் திரும்பி வந்தது அன்றுதான் முதல் தடவை. ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். மயில்சாமி மொபெட்டை வெளியே நிறுத்தியதால் செவப்புக் கட்டம் காலியாக இருந்தது. ஜெசிந்தா அதற்குள் புள்ளி வாரியாக அடுக்கினார். அதிகாரி வரதராஜுலு, எதைக் கண்டாலும் எண்ணுகிற பழக்கத்தில், உரக்க எண்ணினார்.

“மூணு புள்ளி, ரெண்டு. ரெண்டு புள்ளி, மூணு. நாலு புள்ளி, ரெண்டு. ஒரு புள்ளி...” எண்ணி முடிக்க நேரமாயிற்று. “முப்பத்தாறு! அடேயப்பா. யாருங்க இந்த ஒரு புள்ளி ஆசாமி?”

பாக்கியம் பொரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தானுங்க” என்றார் மயில்சாமி.

வரதராஜுலுவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வாழைக்கன்றைப் பார்த்தார்.

மயில்சாமி சட்டென்று திரும்பினார். “ஆனா நான் கேஜ் போட்டுப் பாக்காம விட்டதே இல்லீங்க டீச்சர். ஒவ்வொண்ணும் ஏறுச்சு. என் கண்ணால பாத்தேன். ரங்கா, நீ பக்கத்துலதானடா நின்ன? ஏறுச்சா இல்லியா?”

“ஏறுச்சுங்க” என்றான் ரங்கன்.

“அப்பறம் எப்படி?”

ஜெசிந்தா ஒற்றைப் புள்ளிப் பீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். “மாட்டுங்கண்ணா. பழைய பல்லுத் தடத்துலயே.”

சக்கின் மூன்று பற்களும் கடித்த தடம் பீஸில் தெரிந்தது. அதே இடத்தில் வைத்து மாட்டினார். சாவியின்மேல் குழாயைச் செருகினார். வழக்கம்போல இறுக்கினார். கேஜை விட்டார். வழுக்கிக்கொண்டு போயிற்று.

“பாத்தீங்களா!”

“கேஜை எடுத்துட்டுப் பீஸைக் கழட்டுங்க.”

இத்தனை வருஷத்தில் அவர் முதல் பீஸைத் தன் கையால் கழற்றியதில்லை. கழற்றினார். மறுபடி கேஜை விட்டார். விளிம்பிலேயே நின்றுவிட்டது. பீஸைத் திருப்பி வைத்துக் கேஜை விட்டார். ஏறவில்லை. ஊதி, துடைத்து, மறுபடி விட்டார். ஏறவில்லை.

மாட்டி இறுக்கினார். போயிற்று. கழற்றினார். நின்றது.

ரங்கன்தான் மெதுவாகச் சொன்னான். “கூடு மெல்லிசுங்க மொதலாளி. அந்த இறுக்கத்துக்கு நசுங்கிப்போய் நிக்கும். அப்பக் கடைஞ்சா அப்ப வட்டமா இருக்கும். விட்டதும் அது பழைய எடத்துக்குப் போயிரும், வட்டம் கோணிக்கும்.”

“நீ எப்படிடா புடிக்கற?”

“கொழாய் போட மாட்டனுங்க. கைப் பலம்தான். கடைசி வெட்டுக்கு முன்னால சக்கை ஒரு பொட்டுத் தளத்திக்குவேன்.”

“பறந்துராதா?”

யாரும் சிரிக்கவில்லை. மயில்சாமியின் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. பட்டறைக்கு வந்த புதிதில், அவர் சரியாக இறுக்காமல் விட்ட பீஸ் ஒன்று சக்கிலிருந்து கழன்று பறந்து வந்து அடித்தது. கண் பிழைத்தது கடவுள் செயல். அன்றிலிருந்துதான் அந்தக் குழாய். காலையில் மூன்று லேத்திலும் முதல் ஆளாக அவர் நிற்பதற்கும் அதுதான் காரணம். பறந்தால் தன்மேல் பறக்கட்டும் என்று. கைராசி என்று சொன்னது ஊருக்கு.

“பறக்காதுங்க” என்றான் ரங்கன். “மெதுவாத்தான கடையறோம்.”

பூஜை பாக்கி இருந்தது. தேங்காய் உடைத்தார்கள். பூசணிக்காய் சுற்றினார்கள். பூஜை முடிந்ததும் முதல் பீஸ் கடைவது முதலாளி. அதுதான் வழக்கம். எல்லோரும் நடு லேத்தைச் சுற்றி நின்றார்கள். மயில்சாமி வார்ப்பைக் கையில் எடுத்தார். குழாயை எடுத்தார். குழாயிலும் குங்குமம் இருந்தது.

எத்தனை வார்ப்பு பாக்கி என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

பிறகு வார்ப்பை ரங்கனிடம் கொடுத்தார். சாவியையும் கொடுத்தார். குழாயைக் கொண்டுபோய்ச் செவப்புக் கட்டத்தில், நாற்பத்து மூன்று பீஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“போடு” என்றார்.

ரங்கன் சாவியைத் திருப்பி நீட்டினான். “நீங்க இருக்கறப்ப நானுங்களா?”

“போடுடா, நல்ல நேரம் போகுது.”

கடைந்தான். கழற்றினான். பாக்கியம் கேஜை விட்டாள். போயிற்று. பொரியும் கடலையும் கொடுத்தார்கள்.

வரதராஜுலு தயங்கிக்கொண்டே வந்தார். “டீச்சர், ‘பின்’ படத்துக்கு எதை எடுக்கறது?”

“அந்தக் கட்டத்தை.”

“துருப்புடிச்சுக் கெடக்குது. ஆபீஸ்ல என்னைத்தான் திட்டுவாங்க.”

அதிகாரி தலையைச் சொறிந்தார். பிறகு குனிந்து படம் எடுத்தார். இரண்டு எடுத்தார். “ஏற்பட்ட மாற்றம்னு ஒரு வரி எழுதணுமே, என்னன்னு எழுதட்டும்?”

“மொபெட் வெயில்ல நிக்குதுன்னு எழுதிக்குங்க” என்றார் மயில்சாமி.

அன்று சாயங்காலமே சிக்கந்தரின் வண்டியை இனி சனிக்கிழமை மட்டும் வரச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் எல்லாக் கெட்டதும் கட்டத்தில் கிடக்க வேண்டும். மாமனார் படம் சுவரில் இருந்தது. அதைப் பார்க்காமல்தான் சொன்னார்.

மறுநாளிலிருந்து அவர் கடையவில்லை. காலையில் வந்து ஒவ்வொரு லேத்துப் பக்கத்திலும் நிற்பார். பீஸ் கழன்று வரும்வரை நிற்பார். வந்ததும் கையில் வாங்கித் தானே கேஜ் போட்டுப் பார்ப்பார். நூறு ஆயிற்று. இருநூறு ஆயிற்று. கட்டத்தில் புதிதாக ஒன்றும் விழவில்லை. பட்டறையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம்.

இருநூற்று எழுபதுக்குமேல் ஒரு நாள் மத்தியானம் ரங்கன் ஒரு பீஸோடு வந்தான்.

“மொதலாளி. இது என்னுதுங்க. கட்டர் மழுங்கிருச்சு, கவனிக்காம விட்டுட்டேன்.”

தானே கொண்டுபோய்க் கட்டத்தில் வைத்தான். மூன்று புள்ளி. அதோடு பத்து. இனி ஒன்றும் கெடக் கூடாது. மயில்சாமி அவனைத் திட்டவில்லை. திட்டாதது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“கட்டர் எத்தனை பீஸுக்கு ஒருக்கா மழுங்குது?” என்று மட்டும் கேட்டார். பாக்கியம் பலகையில் எழுதிக்கொண்டாள்.

ஐந்நூறு போயிற்று. சொன்ன தேதியில். ஒன்று குறையவில்லை. பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து வருஷ ஆர்டர் வந்தது. மயில்சாமி காகிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, ஆறு பேருக்கும் ஆளுக்கு அரை கிலோ மைசூர்பா வாங்கிக் கொடுத்தார்.

ஜெசிந்தாவுக்கு இங்கே வேலை முடிந்தது. அடுத்தது அந்த ஃபவுண்டரி. புறப்படுகிற அன்று மயில்சாமி வாசல்வரை வந்தார். மைசூர்பா டப்பாவைக் கையில் கொடுத்தார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். பாக்கியத்துகிட்டக் கேட்டேன், சிரிச்சுட்டுப் போயிட்டா.”

“கேளுங்கண்ணா.”

“அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. பாக்கியத்துக்குத் தெரியும். ரங்கனுக்குத் தெரியும். பட்டறை மூடற நெலமைக்கு வந்தப்பக்கூட ஒரு வார்த்தை... நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல?”

சனிக்கிழமை வண்டியில் ஏற்றாமல் வைத்திருந்த ரங்கனின் பீஸ் கட்டத்துக்குள் கிடந்தது. ஜெசிந்தா அதைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“தெனமும் சொல்லியிருக்காங்கண்ணா. நீங்கதான் ஆறு மணி வண்டியில ஏத்தி அனுப்பிட்டீங்க.”